மூன்று தலைக்கு ஒரு கம்பளி

எத்தனை கரண்டி கொத்தமல்லி அவித்துக் குடித்தால், ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவருடைய சுருதி இறங்காமல் நிற்கும்?

போன செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர் வேர்னர். தன் இரண்டு தங்கைகளோடு சேர்ந்து மேடையில் பாடுகிறவர். மூன்று பருவங்கள் அவருக்கு மேடைக்குப் பின்னால் நின்று கோட்டு மாட்டிவிட்டவள் நான்; அவர் வாயில் ஃப்ராவ், அதாவது திருமதி, பரமேஸ்வரன்.

“இரண்டு கரண்டியா, மூன்றா, ஃப்ராவ் பரமேஸ்வரன்? உங்களுக்குப் பிறகு வந்த பெண் ஒன்றுதான் போடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இன்னமும் யோசிக்கிறேன். பிள்ளைக்குச் சோறு மசிக்கும்போது யோசிக்கிறேன். எங்கள் கட்டடத்தில் எனக்கென்று உடுப்புத் தோய்க்க ஒதுக்கிய நாளில், கீழே மெஷினுக்கு முன்னால் நின்றும் யோசிக்கிறேன்.

இந்தச் சஞ்சிகைக்கு வேலை அனுபவம் எழுதச் சொல்லிக் கேட்டபோது, “அது ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது, எனக்கு இருபத்தொன்பது வயது” என்றேன். “வேலையை விட்டிட்டியள்தானே, அப்ப ஓய்வுதான்” என்றார் கேட்டவர். எட்டு மாதப் பிள்ளையோடு வீட்டில் இருப்பதை ஓய்வு என்று சொல்ல ஓர் ஆணால்தான் முடியும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். கொத்தமல்லிக் கேள்விக்கு எனக்கு ஆலோசனை வேண்டும். அதை எங்கேயாவது கேட்கத்தானே வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எண்பத்து நாலில் நானும் என் கணவரும் சுவிஸில் உள்ள கூர் நகரத்துக்கு வந்தோம். இவர் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் உதவிக்குச் சேர்ந்தார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராதவர்களுக்குக் குசினி, சலவை, கூட்டித் துடைப்பதைத் தவிர வேறு வேலை கிடைப்பது கஷ்டம். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். பரீட்சை எடுத்து, ஆறு வருடம் வாய்ப்பாட்டும் படித்த நான், ஒரு ஹோட்டலின் சலவை அறையில் மேசை விரிப்புகளுக்கு ஸ்திரி போட்டேன். ஒரு வருடம் போட்டேன். ஒரு விரிப்பில் இருந்த கிழிசலை, யாரும் சொல்லாமலே, நூலிழைக்கு நூலிழை கோத்துத் தைத்து வைத்தேன். அதைச் செய்த பிறகு, சொல்லாமல் செய்தது பிழையோ என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள், நாடக உடுப்பு அறைக்குப் பொறுப்பான ஃப்ராவ் கடூஃப் அந்த விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சலவை அறைக்கு வந்தார்.

“இதை யார் தைத்தது?”

நான்தான் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டேன்.

“மன்னிப்பு எதற்கு? எங்கே தைத்தீர்கள் என்று தேட எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. நாளைக்கு மேலே வாருங்கள்.”

மேலே என்றால் ஹோட்டலின் பெரிய மண்டபம். அங்கே ஐப்பசியிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும், ஒவ்வொரு ஞாயிறு பிற்பகலும் ஓர் இசை நாடகம் நடக்கும். பிற்பகலில் நடத்தக் காரணம், பார்க்க வருபவர்கள் எல்லாரும் முதியவர்கள். முதியோர் இல்லங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். கதை இரண்டாம் உலக யுத்த காலத்தில் நடக்கிறது. எல்லைக் கிராமத்தில் ஒரு சிறு சத்திரம், காவலுக்கு வந்த சிப்பாய்கள், பங்கீட்டு அட்டை, விளையாட்டு மைதானத்தில் உருளைக்கிழங்குத் தோட்டம், இரவில் விளக்கணைப்பு. அந்தச் சத்திரக்காரியின் பிள்ளைகள் மூவரும் சிப்பாய்களுக்குப் பாட்டுப் பாடுவார்கள். அதில் கற்பனை அதிகமில்லை. வேர்னர், ஹெய்டி, லீனா மூவரும் சின்ன வயதில் தாயாரின் சத்திரத்தில் அப்படிப் பாடிய பிள்ளைகள்தான். பிறகு நாற்பது வருடமாக அவர்கள் பாட்டை விடவில்லை.

யுத்த காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களை அதற்கு முன் நான் கண்டதே இல்லை. பாட்டிமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே பாடுவார்கள். இடைவேளையில் தோர்ட்டே என்ற கொட்டைக் கேக் சாப்பிடுவார்கள். மறுபடியும் உள்ளே வந்து கண்ணைத் துடைப்பார்கள். இவர்களின் நாட்டுக்குள் யுத்தம் வரவில்லை என்று பிறகு விளங்கிக்கொண்டேன். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போன யுத்தத்தை நினைத்து ஏங்கலாம் போலிருக்கிறது.

முதல் ஞாயிறு மேடையில் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் நான் உடுப்புக் கூடையை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது ஃப்ராவ் கடூஃப் கூடையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்து உடுப்புகளை மடிக்கும்போதுதான் கேட்டார்.

“உங்கள் நாட்டுச் சண்டையில் பெண்கள் என்ன உடுத்திருந்தார்கள்?”

உடுப்பு அறைக்குப் பொறுப்பானவர் வேறு என்னத்தைக் கேட்பார்?

“நின்ற உடுப்போடு” என்றேன்.

அவர் கையிலிருந்த ஊசியைக் கழற்றி மறுபடியும் அதே இடத்தில் குத்தினார். அதற்குப் பிறகு மூன்று பருவமும், தான் வேலைக்கு வந்த ஒரு ஞாயிறுகூடத் தவறாமல், சங்கு ஊதுவதற்குச் சற்று முன் என் முழங்கையில் இரண்டு விரலால் தட்டுவார். “இப்போ வருகிறது.” அவ்வளவுதான்.

இனி அவர்களுடைய பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அது முதலில் பாட்டாகவே தெரியவில்லை. ஆறு வருடம் ஒரு தம்பூராவுக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்கு, ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று வேறு சுரத்தில் நின்றால் என்ன தோன்றும்? ஒத்திகை போதாது என்று தோன்றியது. அல்லது அண்ணன் தங்கைகளுக்குள் ஏதோ கோபம். வீட்டுக்கு வந்து இவரிடம், “பாவம், ஒருத்தர் சொல்லுறதை ஒருத்தர் கேக்கிறேல்லைப் போலை” என்றேன். “எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தானே” என்றார் இவர்.

நாலைந்து ஞாயிறு போனபின் ஒரு நாள், கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு பின்னால் நின்றபோது, மூன்றும் திடீரென்று ஒன்றாகக் கேட்டது. லீனா மேலே பாட்டைக் கொண்டுபோகிறார். வேர்னர் அடியில் தரைபோலக் கிடக்கிறார். ஹெய்டி இரண்டுக்கும் நடுவில். நடுக்குரல் தனியாகக் கேட்காது. அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் தள்ளித் தள்ளிப் போய்விடும். அன்றைக்குத் தைத்த பொத்தானைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

இப்போது கோட்டு மாட்டும் முறை. என் இடத்துக்கு வந்திருக்கும் மன்னார்ப் பிள்ளை ஜசிந்தா இதைத்தான் அடிக்கடி கேட்கிறாள், ஆகவே சரியாக எழுதுகிறேன்.

இரண்டாம் பாகத்தில் உருளைக்கிழங்குப் பாட்டு முடிந்ததும் மூவரும் ஏப்ரனோடு உள்ளே ஓடி வருவார்கள். பியானோ தனியாக வாசிக்கும். அது முடிவதற்குள் மூவரும் கனத்த யுத்த காலக் கோட்டுகளோடு மேடையில் நிற்கவேண்டும். நாங்கள் எண்ணும் எண்ணிக்கை நாற்பது. கோட்டுகளைக் கொக்கியில் மாட்டக்கூடாது. நாற்காலி முதுகில், உள் துணி மேலே தெரிய, கோட்டுக் கைகளின் வாய் திறந்திருக்கப் போடவேண்டும். முன்னால் தெரியும் பொத்தான்கள் சும்மா தைத்தவை. கீழே அமுக்குப் பொத்தான். சப்பாத்தில் நாடா போலத் தெரிவது இலாஸ்டிக். கோட்டை ஆளிடம் கொண்டுபோகக் கூடாது. கோட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும்; ஆள் பின்பக்கமாக நடந்து வந்து அதற்குள் நுழைவார். நீங்கள் அவசரப்பட்டால் அவர் அவசரப்படுவார், அவர் அவசரப்பட்டால் விரல் மாட்டும்.

ஃப்ராவ் கடூஃப் ஒரு நாளும் “கெதியா” என்று சொன்னதில்லை. சாம்பல் நிற மேலங்கி, இடது மணிக்கட்டில் கறுப்பு வெல்வெட்டில் ஊசிகள், கழுத்தில் கயிற்றோடு கத்தரிக்கோல். என்னோடு புத்தக ஜெர்மனில்தான் கதைப்பார், எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக. கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிடுவார். அப்போது எனக்கு ஒன்றும் விளங்காது. அதுவும் எனக்கு விளங்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்னை “ஃப்ராவ் பரா” என்று வெட்டிக் கூப்பிட்டபோது, அவர் முழுப் பெயரையும் ஓர் அட்டையில் எழுதி, அளவு நாடாவுக்குப் பக்கத்தில் ஒட்டி, ஒரு வாரம் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கினார்.

அதே சுவரில் அவருடைய விதிகளும் ஓர் அட்டையில் ஒட்டியிருந்தன. அதில் ஒன்று: “நாற்காலிகள் கதவிலிருந்து வயது வரிசையில்.” கதவுக்குக் கிட்ட வேர்னரின் நாற்காலி, அடுத்தது ஹெய்டி, அடுத்தது லீனா. அந்த வரிசையிலேயே உடுத்து, அந்த வரிசையிலேயே மேடைக்கு ஓடுவார்கள். மேடையில் ஹெய்டிக்கு வலப்பக்கம் வேர்னர், இடப்பக்கம் லீனா. சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

இரண்டாவது பருவத்தில் ஒரு ஞாயிறு, ஃப்ராவ் கடூஃப் பல் வைத்தியத்தால் முகம் வீங்கி வீட்டில் நின்றார். முதல் தடவையாக எல்லாம் என் பொறுப்பு. அன்றைக்குப் பார்த்து நாற்காலி வண்டியில் வந்த முதியவர்கள் அதிகம்; வழக்கமாகப் போகும் மேற்குப் பக்கக் கதவு அடைபட்டுப் போயிற்று. கிழக்குக் கதவால்தான் மேடைக்குப் போகலாம் என்றார்கள். நான் விதியை வாசித்தேன். “கதவிலிருந்து வயது வரிசையில்.” எனவே மூன்று நாற்காலிகளையும் தூக்கி, கிழக்குக் கதவிலிருந்து வயது வரிசையில் போட்டேன். நன்றாகச் செய்தேன் என்று சந்தோஷமும் பட்டேன். வேறு யாராவது என்றால் யோசிக்காமல் போட்ட இடத்திலேயே விட்டிருப்பார்கள், ஒரு பிழையும் வந்திராது.

மூவரும் ஓடி வந்தார்கள், உடுத்தார்கள், ஓடினார்கள். மேடையில் ஏறி நின்றபோது வரிசை தலைகீழ். ஹெய்டியின் இடப்பக்கம் வேர்னர். வெளிச்சம் விழுந்துவிட்டது, இனி மாற முடியாது.

அந்தப் பாட்டு ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதும் கடிதம். பசு கன்று போட்டதா, கூரை ஒழுகுகிறதா என்று விசாரிக்கிறான். நாலு அடியும் பியானோ இல்லாமல், மூன்று குரல் மட்டும். வேர்னர் சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைத்து, முனகி, ஆரம்பிப்பார். நான் வழக்கம்போல என் மனத்துக்குள் அந்த இடத்தில் ‘ச’வைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் அடியில் ஏதோ வழுக்கியது. மூன்றாம் அடியில் தெளிவாக இறங்கியது. முடியும்போது நான் பிடித்து வைத்த ‘ச’, ‘நி’யில் கிடந்தது. அடுத்து பியானோ சேரவேண்டும். பியானோக்காரர் கெட்டிக்காரர்; ஒரு கணம் கையைத் தூக்கி வைத்திருந்து, அரைச் சுரம் கீழே இறங்கி வாசித்தார். மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கைதட்டினார்கள், கண்ணைத் துடைத்தார்கள். வேர்னரின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

“என் பிழை. அடிக்குரல் இறங்கினால் வீடே இறங்கும். எனக்கு வயது போய்விட்டது” என்று உள்ளே வந்து தங்கைகளிடம் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே ஃப்ராவ் கடூஃபின் வீட்டுக்குப் போனேன். வீங்கிய கன்னத்தோடு கதவைத் திறந்தார். நாற்காலிக் கதையை, மூச்சு விடாமல், இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்த ஜெர்மனில் சொல்லி முடித்தேன்.

“நான் எழுதியதைத்தானே செய்தீர்கள்?”

“ஓம்.”

“அப்படியென்றால் எழுதியது பிழை.” அடுத்த ஞாயிறு அட்டையில் ‘கதவிலிருந்து’ என்பதை வெட்டிவிட்டு ‘வேர்னரிலிருந்து’ என்று எழுதியிருந்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஆனால் பாட்டு இறங்குவது நிற்கவில்லை. வேர்னர் தன்னையே சந்தேகப்பட்டு, சத்தத்தைக் குறைத்து மெதுவாகப் பாடத் தொடங்கியிருந்தார். அவர் மெதுவாகப் பாடப் பாடப் பாட்டு இன்னும் இறங்கியது. “இந்தப் பருவத்தோடு போதும்” என்று ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னார். சின்ன வயதில் மூவரும் ஒரு சத்தியம் செய்திருந்தார்களாம்: ஒருவரால் முடியாமல் போனால் மூவரும் நிறுத்துவது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் நாற்காலிகளால்தானே இந்த மனிதர் உடைந்துபோனார் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் தொண்டைக்கு என்ன கொடுப்போமோ அதைக் கொடுத்தேன்: கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து, பிளாஸ்கில் ஊற்றி, ஞாயிறு தோறும் கொண்டுபோனேன். முதல் நாள் வேர்னர் ஒரு மிடறு குடித்துவிட்டு, “இது குடிப்பதற்கா, பூசுவதற்கா?” என்று கேட்டார். ஆனாலும் மரியாதைக்காகக் குடித்து முடித்தார். பாட்டு அன்றைக்கும் இறங்கியது.

உண்மை எனக்குத் தெரிய வந்தது ஹெய்டியின் கழுத்துப் பட்டியால்.

கோட்டின் கழுத்துப் பட்டி தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு புதன்கிழமை அளவு பார்க்க வந்தார். கழுத்தின் பின்பக்கம் ஊசி குத்த, அவருக்கு இடப்பக்கமாக நின்று குனிந்தேன். உதடுகளுக்கு இடையில் ஐந்தாறு ஊசிகள். ஊசி வாயில் இருக்கும்போது கதைக்க முடியாது, ஆனால் முனகலாம். எனக்குத் தெரியாமலே அந்தக் கடிதப் பாட்டின் அடிக்குரலை முனகிக்கொண்டிருந்தேன். குனிந்ததில் என் நெற்றிப் பொட்டு அவருடைய தலையில் முட்டிக்கொண்டிருந்தது. ஹெய்டி திடீரென்று தன் நடுக்குரலைப் பாடினார். மிகச் சரியாக, ஒரு மயிரிழை இறங்காமல். நான் நூலெடுக்க நிமிர்ந்தேன், முனகலை நிறுத்தவில்லை. அவர் நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டார்.

“நான் நிறுத்தவில்லையே.”

கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊசிகளை வாயிலிருந்து எடுத்து வெல்வெட்டில் குத்தினேன். அவர் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

அவருக்கு இடது காது ஆறு வருடமாகக் கேட்பதில்லை. வலது காதும் குறைந்துகொண்டு வருகிறது. வலப்பக்கம் அண்ணன் நிற்கும்வரை அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டு பாடலாம். அண்ணன் இடப்பக்கம் போன அந்த ஞாயிறு தடம் மாறியது. இப்போது அண்ணன் வலப்பக்கம்தான் நிற்கிறார், ஆனால் மெதுவாகப் பாடுகிறார்.

“அப்படியென்றால் பாட்டை இறக்குவது அவரில்லையே. அவரிடம் சொல்லுங்கள்” என்றேன்.

“சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுவான். நான் பாடாமல் என்ன செய்வது, ஃப்ராவ் பரமேஸ்வரன்? காலுறை பின்னவா?” கொஞ்சம் சிரித்தார். “நீங்களும் சொல்லமாட்டீர்கள். கையைத் தாருங்கள்.”

கையைக் கொடுத்துவிட்டேன். வீடு வரும்வரை, கொடுத்திருக்கக் கூடாதோ என்று யோசித்தேன். சொன்னால் ஹெய்டியின் பாட்டு போகும். சொல்லாவிட்டால் வேர்னர் தன் பிழை என்று நினைத்தே பாட்டை முடித்துவிடுவார். இவரிடம் கேட்டேன். “உனக்கேனப்பா வெள்ளைக்காரரின்ரை காது? எங்கடை அகதிக் கடிதத்துக்கு பேர்னிலையிருந்து பதில் வந்ததோ எண்டு பார்” என்றார்.

ஆனால் தலை முட்டியபோது என் முனகல் எலும்பு வழியாக அவருக்குக் கேட்டதே, அதை நான் விடவில்லை. மூன்று தலைகளையும் எப்படி முட்டவைப்பது? ஐம்பது தாண்டிய அண்ணன் தங்கைகளிடம் போய், கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுங்கள் என்று சலவைக்காரி சொல்ல முடியுமா? எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் உடுப்பால்தான்.

மேடையில் சத்திரத்துக் கட்டிலில் ஓர் இராணுவக் கம்பளி கிடக்கும்; மண் நிறம், நடுவில் சிவப்புப் பட்டி, அதில் வெள்ளைச் சிலுவை. ஃப்ராவ் கடூஃபிடம் போய், மூன்று கோட்டுக்குப் பதிலாக அந்த ஒரு கம்பளியால் மூவரையும் சேர்த்துப் போர்த்தலாம் என்றேன். எண்ணிக் காட்டினேன். நாற்பது எடுத்த இடத்தில் பன்னிரண்டு.

“ஏன்?” என்றார்.

“கோட்டு கனம். வேர்னருக்குத் தோள் நோகிறது.”

வேர்னரின் தோளில் ஒரு நோவும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“நேரம் மிச்சம். நல்லது” என்றார். பிறகு கம்பளியை வாங்கி, நான் கேட்காமலே, நடுவில் ஒரு மடிப்பு வைத்து ஆறு விரற்கடை சுருக்கினார். சுருக்கிய கம்பளிக்குள் மூவர் நிற்கவேண்டுமென்றால் தலையைத் தலையோடு சாய்த்தே ஆகவேண்டும்.

அடுத்த ஞாயிறு மூவரும் ஒரு கம்பளிக்குள் நின்றார்கள். “லீனா, உன் முழங்கை என் விலாவில்” என்று வேர்னர் முணுமுணுத்தது பின்னால் எனக்குக் கேட்டது. “உன் வயிறு எல்லா இடத்தையும் எடுத்தால் என் முழங்கையை எங்கே வைக்க?” என்றார் லீனா. வேர்னர் கவையைத் தட்டினார். ஹெய்டி தன் தலையை அண்ணனின் தலையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ‘ச’வைப் பிடித்துக்கொண்டேன். நாலு அடியும் முடிந்தபோது, அது வைத்த இடத்திலேயே இருந்தது. பியானோ சேர்ந்தது. முன் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று மூக்கைச் சிந்தினார்.

வேர்னர் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

“கொத்தமல்லி!” என்றார்.

ஹெய்டி அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார். “ஓம், கொத்தமல்லி” என்றேன்.

அன்றையிலிருந்து அது மருந்தாகிவிட்டது. வேர்னர் நிறுத்தும் கதையை விட்டார். பியானோக்காரரும் ஒரு கோப்பை கேட்டார். பருவம் முடிய, அடுத்த பருவமும் பாடினார்கள். அதற்குள் எனக்குப் பிள்ளை தங்கி, குனிந்து சப்பாத்து மாட்ட முடியாமல் போய், வேலையை விட்டேன். ஃப்ராவ் கடூஃப் பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துத் தந்தார். பொத்தான்கள் சும்மா தைத்தவை. கீழே அமுக்குப் பொத்தான்.

இப்போது என்ன நடந்ததென்றால், நாடகத்துக்குப் புதிய இயக்குநர் ஒருவர் வந்திருக்கிறார். கம்பளி பழைய பாணி என்று எடுத்துவிட்டார். மூவருக்கும் மூன்று மைக், ஒவ்வொன்றும் இரண்டு எட்டுத் தள்ளி. ஒத்திகையில் பாட்டு மறுபடியும் இறங்குகிறது. ஜசிந்தா அழாத குறையாகப் போன் எடுத்தாள்.

“அக்கா, நீங்கள் சொன்ன மாதிரித்தான் அவிச்சனான். இஞ்சியும் போட்டனான். மனுசன் என்னைப் பாக்கிற பார்வை! நான் என்னவோ கொத்தமல்லியைக் களவெடுத்தமாதிரி.”

“கொத்தமல்லியிலை பிழை இல்லை, ஜசிந்தா.”

“அப்ப என்னிலையோ?”

“உன்னிலையும் இல்லை.”

“பிறகு என்னண்டு சொல்லுங்கோவன், அக்கா!”

பிள்ளை அழுகிறாள் என்று போனை வைத்தேன். அதே கிழமை ஹெய்டியிடமிருந்து மலைப் படம் போட்ட ஒரு தபாலட்டை வந்தது. “சின்னவளுக்கு முத்தங்கள். கை கொடுத்தீர்கள், மறக்கவில்லையே?” அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வேர்னரின் போன், எத்தனை கரண்டி என்று. ஐப்பசியில் முதல் காட்சி. அதற்குள் சரிவராவிட்டால் தான் விலகிக்கொள்வதாக, மிகச் சாதாரணமாக, மழை வரப்போகிறது என்பதுபோலச் சொன்னார்.

இதற்குள் என்னைக் குழப்ப இன்னொன்று ஞாபகம் வருகிறது. நான் வேலையை விட்ட அன்று நாங்கள் எல்லாரும் ஹோட்டல் கஃபேயில் உட்கார்ந்தோம். ஹெய்டி முதலிலேயே வந்து சுவரோரம் அமர்ந்திருந்தார். பிந்தி வந்த வேர்னர் எதிரில் இருந்த வெறும் நாற்காலியில் உட்காராமல், கோப்பியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், இரண்டு பேரை எழுப்பி, ஹெய்டியின் வலப்பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு அதை நான் கவனித்தேன், யோசிக்கவில்லை. இப்போது பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். அவருக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் என்னிடம் கரண்டிக் கணக்குக் கேட்கிறாரா? ஃப்ராவ் கடூஃப் அந்த ஆறு விரற்கடையை ஏன் சுருக்கினார்? எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் எனக்குத் தெரியாதென்று நினைக்கிறார்களோ? அல்லது, நடுச்சாமம்வரை யோசிக்கும் என் பழக்கத்தால் நானே இதையெல்லாம் தைத்துக்கொள்கிறேனோ?

என் பிள்ளையின் இரண்டு காதுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் கரண்டியால் கோப்பையில் தட்டிப் பார்க்கிறேன். இடப்பக்கம் தட்டினாலும் திரும்புகிறாள், வலப்பக்கம் தட்டினாலும் திரும்புகிறாள். “இண்டைக்குமோ?” என்று இவர் சிரிக்கிறார். நேற்றுத் தட்டுவதற்கு முன்னமே திரும்பி, கரண்டியைப் பறித்துவிட்டாள்.

ஆகவே, அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் ஜசிந்தா ஒருத்திதான், அவளும் வாயைத் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில், வாசிப்பவர்களைக் கேட்கிறேன். கொடுத்த கையை மறந்து வேர்னரிடம் உண்மையைச் சொல்வதா? அந்தப் புதிய இயக்குநரிடம் போய், காரணம் சொல்லாமல், கம்பளியைத் திருப்பிக் கேட்பதா? கேட்டால் அவர் “ஏன்” என்பார். இந்தத் தடவை யாருடைய தோள் நோகிறது என்று சொல்வேன்? இல்லையென்றால், மூன்று கரண்டி என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதா? காதும் குரலும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள், இப்படி ஒன்றைச் சொல்லியோ சொல்லாமலோ இருந்தவர்கள், என்ன செய்தீர்கள் என்று ஐப்பசிக்கு முன் சஞ்சிகைக்கு எழுதுங்கள்.

கொத்தமல்லியின் அளவை மட்டும் தயவுசெய்து எழுதவேண்டாம். மாமி ஏற்கெனவே யாழ்ப்பாணத்திலிருந்து நாலு பக்கத்தில் எழுதியிருக்கிறார்.